கை பழகிய ஆட்டம்

எங்கள் வீட்டு மொறிஸ் மைனருக்கு என்னைவிடப் பத்தொன்பது வயது கூட. 1962ஆம் ஆண்டுக் கார். மாமா, அதாவது என் மனைவியின் தகப்பனார், அதை வாங்கும்போதே மூன்று கை மாறியிருந்தது. மாமாவுக்குக் கண்பார்வை குறைந்ததும் சாவி என்னிடம் வந்தது. பாடசாலைக்கும், வாரத்தில் ஒருநாள் மட்டக்களப்பு நகருக்கும், தேவைப்பட்டால் இரவில் யாரையாவது ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் என்று அது ஓடிக்கொண்டிருக்கிறது. தன்னாமுனையில் அதைத் தெரியாத பிள்ளை இல்லை. "சேர்ட கார் வருது" என்பதற்கு அர்த்தம், இன்னும் ஐந்து நிமிடத்தில் மணி அடிக்கும் என்பது.

ஒரு காரில் எது பழுதானாலும் அது தன்னை அறிவித்துவிடும். எஞ்சின் என்றால் புகைக்கும், பற்றரி என்றால் படுத்துவிடும், பிறேக் என்றால் கிறீச்சிடும். ஸ்டியரிங் மட்டும் அப்படியல்ல. அது தேயும்போது சத்தமே போடுவதில்லை. இன்றைக்கு ஒரு மயிரிழை, அடுத்த மாரிக்கு இன்னொரு மயிரிழை என்று தேய்கிறது. ஓட்டுபவரின் கை அந்த ஆட்டத்தை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறது. வளையத்தை இரண்டு விரற்கடை திருப்பிய பிறகுதான் சில்லு அசையும் என்றால், கை முன்கூட்டியே இரண்டு விரற்கடை திருப்பி வைத்துக்கொள்ளும். எந்தச் சாரதிக்கும் இது நடக்கும். பழுதைக் கண்டுபிடிக்க வேண்டிய கையே பழுதை மறைக்கும் கையாகிவிடுகிறது.

ஆகவே அதைக் கண்டுபிடிக்க இன்னொருவரின் கை வேண்டும். ஏறாவூரிலிருந்து வரும் மெக்கானிக் காக்கா சென்ற வருடம் காபுரேற்றரைத் துப்புரவு செய்துவிட்டு, மயிலம்பாவெளி வரைக்கும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து இறங்கியவர் எஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சேர், கார் ஒரு பக்கம் போகுது, ஒங்கட கை மத்தப் பக்கம் போகுது. ரெண்டும் சமாதானமாப் போறதால ஒங்களுக்கு வெளங்கல்ல" என்றார்.

அன்றே முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தினோம். சோதனை மிக எளிது. கார் வைத்திருக்கும் எவரும் வீட்டில் செய்யலாம். சில்லு நிலத்தைத் தொடாமல் நிற்கும்போது, மணிக்கூட்டில் ஒன்பதும் மூன்றும் இருக்குமிடத்தில் இரு கையாலும் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்ட வேண்டும். ஆடினால் பெரும்பாலும் டை ரொட் முனையிலுள்ள குண்டு தேய்ந்திருக்கிறது, அல்லது ரெக் தேய்ந்திருக்கிறது. பிறகு பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்ட வேண்டும். அப்போதும் ஆடினால், ஒருவரைக் காருக்குள் ஏற்றி பிறேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் சில்லின் பெயாரிங்; மிதித்தும் நிற்காவிட்டால் கிங்பின். எங்கள் காரில் ஒன்பது மூன்றிலும் ஆடியது, பன்னிரண்டு ஆறிலும் ஆடியது. பிறேக்கை மிதித்தும் நிற்கவில்லை.

மைனரின் கிங்பின்னைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான மற்றக் கார்களில் இல்லாத ஒரு விசயம் அதில் உண்டு. அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் திருகுபுரி வெட்டப்பட்டிருக்கும். கீழ்முனை, தொங்குகையோடு இணைந்த ஒரு கட்டைத் துண்டுக்குள் போல்ட் நட்டுக்குள் போவதுபோலத் திருகி நிற்கும். சில்லைத் திருப்பும்போதெல்லாம் பின் அந்தப் புரியில் சிறிது ஏறியும் இறங்கியும் சுழல்கிறது. காரின் முன்பாரம் முழுவதையும் இரு பக்கத்திலும் இந்தப் புரிகள்தாம் தாங்குகின்றன. அவற்றைக் காப்பது கிறீஸ் ஒன்றே. பழைய கைநூலில் ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தவறவிட்ட கார்களில் புரி மெலிந்து மெலிந்து, ஒருநாள் பின் துண்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். அந்தக் கணமே சில்லு சரிந்து விழும், முன்பக்கம் ரோட்டில் குந்திவிடும். மைனர் வைத்திருப்போர் உலகில் எங்கிருந்தாலும் அஞ்சுவது இந்த ஒன்றுக்குத்தான்.

எங்கள் பகுதியில் இந்த ஆபத்து இரட்டிப்பு. ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான வாவியின் ஓரத்தில் இருக்கிறோம். காற்றிலே உப்பு. மாரி பெருத்தால் ரோட்டில் தண்ணீர் நிற்கும், சில்லுகள் அதற்குள்ளால் ஓடும். 2011 ஜனவரி வெள்ளத்தை இந்த மாவட்டத்தில் மறந்தவர் இல்லை. தண்ணீர் புகுந்த இடத்தில் கிறீஸ் தங்காது. போன மாரிக்கு அடித்த கிறீஸ் இந்த மாரியில் கழுவுண்டு போயிருக்கும்.

அரசாங்கச் சோதனையில் இது பிடிபடாதா என்று கேட்கலாம். 2008 முதல் புகைச் சோதனை கட்டாயம். தனியார் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது அந்தச் சான்றிதழையும் காப்புறுதியையும் கேட்கிறார்கள். புகை நல்லதென்றால் கார் நல்லது. சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பவர் யாருமில்லை. மட்டக்களப்பு திருகோணமலை வீதியின் ஓரத்தில் காலையில் வெள்ளைச் சட்டையோடு நடந்தும் சைக்கிளிலும் வரும் பிள்ளைகளுக்கு என் காரின் புகையால் வரும் ஆபத்தைவிடச் சில்லால் வரும் ஆபத்து பெரிது. அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் என் வகுப்பில் இருப்பவர்கள்.

வீட்டிலேயே வேலையைச் செய்வதென்று முடிவெடுத்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அந்த நிலையில் காரை ரோட்டில் இறக்க முடியாது. இரண்டு, பணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் ரூபா விழுந்தது. ஒரு டொலர் இருநூறு ரூபாவில் இருந்து சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. 2025இல் கார்கள் மீண்டும் வரத் தொடங்கிவிட்டன, ஆனால் வரியோடு சேர்த்து அவற்றின் விலை ஆசிரியச் சம்பளக்காரர் வாசித்துவிட்டு மடித்து வைக்கும் விலை. ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு இருக்கிற காரைக் காப்பாற்றுவதுதான் வழி. எமது நாட்டுக்கு இது புதிதுமல்ல. அறுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டிலிருந்து 1977 வரை, வந்து சேர்ந்த கார்களைத் தைத்துத் தைத்து உடுத்தும் சாரனைப்போல ஓட்டிய தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. மாமா அந்தத் தலைமுறை.

இந்தக் கைப்பழக்கத்தை வெளியுலகம் கண்டுகொண்ட கதையும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், நன்றாகப் பராமரிக்கும் பழைய கார் புதிய காரைவிடச் செலவு குறைந்தது என்று வாதிட்டவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் இலங்கைப் பங்காளர் ஒருவருடன் சேர்ந்து தென்னிலங்கையில் டியூரபிள் கார் கம்பனி என்ற பெயரில் மைனருக்கான உடற்தகடுகளைச் செய்யத் தொடங்கினார். நம்மவர்கள் கையால் அடித்து வளைத்த தகடுகள் கப்பலேறி, அந்தக் கார் பிறந்த நாட்டுக்கே போய்ப் பொருந்தின. மைனரைச் செய்தவர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் கைவிட்டுவிட்டார்கள். அதை மெருகு குலையாமல் வைத்திருந்தவர்களில் நாமும் உண்டு.

பொருள் தேடுவது வேலையில் பாதி. முதலில் நகரத்துக் கடையொன்றில் டை ரொட் முனைகள் இரண்டு வாங்கினோம். பெட்டி பளபளத்தது; 'ஒரிஜினல்' என்று கடைக்காரர் மூன்று தடவை சொன்னார். காக்கா ஒன்றைக் கையில் எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். புதுப் பொருள், உள்ளே குண்டு கடகடத்தது. "பழசு தேஞ்சி இரிக்கி, புதுசு தேஞ்சே பொறந்திரிக்கி. இத மாட்டுறதுக்கு அதையே விடலாம் சேர்" என்றார். திருப்பிக் கொடுத்தோம். பிறகு காக்காவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்து, இரண்டு வாரத்தின் பின் இரவு பஸ்ஸில் பார்சல் வந்தது. கிங்பின் இரண்டு, கீழ்ப்புரித் துண்டுகள் இரண்டு, டை ரொட் முனைகள், ரப்பர் உறைகள், ஸ்பிளிட் பின்கள். இடப்பக்கத் துண்டு வலப்பக்கத்துக்குப் பொருந்தாது என்பதால் எல்லாவற்றையும் பழையதோடு ஒப்பிட்டு, சோக்கினால் அடையாளமிட்டு, கிடுகின் மேல் வரிசையாகப் பரப்பினோம்.

ஒரு சனிக்கிழமையும் ஞாயிறு மதியம் வரையும் வேலை. வேம்பின் கீழ் காரை நிறுத்தி, பின்சில்லுகளுக்குக் கல் அடைகொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, சட்டத்தின் கீழ் தென்னங்குற்றிகளை வைத்தோம். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் தலையைக் கொடுக்கக் கூடாது. மைனரின் முன்பக்கத்தில் சுருள்வில் இல்லை. முறுகிய நிலையில் நீளமாகக் கிடக்கும் உருக்குத் தண்டுதான் வில். அது தெரியாமல் கீழ்க்கையைக் கழற்றினால் அந்த முறுக்கு முழுவதும் ஒரே அடியாக அவிழும். கை நடுவில் இருந்தால் கை போகும். ஆகவே கீழ்க்கைக்கு அடியில் இன்னொரு ஜக்கைக் கொடுத்துப் பாரத்தை அதில் ஏற்றிய பிறகுதான் காக்கா ஸ்பானரைத் தொட்டார்.

டை ரொட் முனை கூம்பு வடிவில் ஸ்டியரிங் கைக்குள் இறுகிக் கிடக்கும். நட்டைக் கழற்றினாலும் அது வராது. பலமாக அடித்தால் புரி நசியும். காக்கா இரண்டு சுத்தியல் எடுத்தார். ஒன்றைக் கையின் ஒருபக்கத்தில் அழுத்திப் பிடித்து, மறுபக்கத்தில் மற்றதால் ஒரு தட்டு. மூன்றாவது தட்டில் 'டொக்' என்று தானாக விடுபட்டு விழுந்தது. கூம்பு பிடித்திருப்பது வெறும் உராய்வினால். அது பிடித்திருக்கும் துளையை ஒரு கணம் நசுக்கினால் பிடி விட்டுவிடும். இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பித்திருக்கிறேன். அந்தச் சத்தத்தோடு படிப்பித்ததில்லை.

பழைய கீழ்ப்புரித் துண்டைத் திருகிக் கழற்றத் தேவையிருக்கவில்லை. வலப்பக்கத்தில் காக்கா அதைப் பிடித்து இழுத்தார். இரண்டு சுற்றுப் புரியில் மட்டும் தங்கியிருந்தது கையோடு வந்துவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தோம். புரியின் விளிம்புகள் சவரத் தகடுபோல மெலிந்திருந்தன. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். முந்தின வாரம்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காய்ச்சலோடு ஏற்றிக்கொண்டு இரவில் நகரத்துக்குப் போய் வந்திருந்தோம், ரோட்டில் மாடுகள் படுத்திருக்க, அவற்றை விலத்தி விலத்தி.

காக்காவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மட்டக்களப்பில் இயேசுசபைத் துறவிகள் நடத்திய கிழக்குத் தொழில்நுட்ப நிலையத்தில் எழுபதுகளின் கடைசியில் படித்தவர். ஒரே வாங்கில் தமிழ்ப் பையனும் முஸ்லிம் பையனும் இருந்து ஒரே எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய காலம் அது என்பார். பாவித்த ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடக் கூடாது என்பது அங்கே முதல் வாரம் படித்தது. இன்றும் பழையதை வளைத்து வாவிக்குள் எறிந்துவிட்டுத்தான் புதியதை எடுப்பார். அந்த நிலையத்தின் பணிப்பாளராக இருந்த அமெரிக்கத் துறவி யூஜின் ஹெபேர் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், உடன்வந்த இளைஞனோடு காணாமல் போனார். இருவரும் இன்றுவரை திரும்பவில்லை. வாழைச்சேனையிலிருந்து நகருக்கு வரும் வீதி ஏறாவூரையும் எங்கள் ஊரையும் ஊடறுத்தே போகிறது. அந்த ஆகஸ்டுக்குப் பிறகு நெடுங்காலம் ஏறாவூரார் இந்தப் பக்கம் வரவும் இந்தப் பக்கத்தார் ஏறாவூருக்குப் போகவும் அஞ்சினார்கள். ஆறேழு கட்டை தூரம் ஒரு கடலைப்போலக் கிடந்தது. காக்கா இதைப் பற்றி நீளமாகப் பேசுவதில்லை. "மாமாட கார்தான் சேர் முதல்ல வந்த கார், சண்டைக்குப் பொறகு. என்ட கராஜ் வாசல்ல வந்து நின்டு ஹோன் அடிச்சாரு. கிளச் பிளேட் மாத்தணும் எண்டாரு. கிளச் பிளேட்டுல ஒண்டுமில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

பிற்பகல் வேலைக்கு இரண்டு பையன்கள் வந்து சேர்ந்தார்கள். இருவரும் சாதாரணதரம் எழுதியவர்கள். ஒருவனுக்குக் கணிதம் இரண்டு தடவையும் போய்விட்டது. அதனால் உயர்தரத்துக்கு வழியில்லை என்று தகப்பனோடு வலைக்குப் போய்க்கொண்டிருந்தான். டை ரொட் முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைக்க வேண்டும். புதியதை அத்தனை சுற்று ஏற்றினால்தான் சில்லின் கோணம் ஓரளவுக்காவது பழைய இடத்துக்கு வரும். எண்ணும் வேலையைக் காக்கா அவனிடம் கொடுத்தார். "பதினேழரை" என்று சொல்லிச் சோக்கால் மட்காட்டில் எழுதினான்.

மறுநாள் காலை அளவு பார்க்கும் வேலை. முன்சில்லுகள் இரண்டும் நேராகப் பார்க்கக் கூடாது. முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிடச் சற்றே, மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவாக, உள்நோக்கி நெருங்கியிருக்க வேண்டும். நகரத்தில் இதற்கு இயந்திரம் உண்டு. எங்களிடம் இருந்தது தங்கூசி. பையன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தங்கூசியைக் காரின் இருபக்கமும் நான்கு கம்புகளில் இழுத்துக் கட்டி, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக்கி, ஒவ்வொரு சில்லின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை அடிமட்டத்தால் அளந்தோம். இடப்பக்கம் ஐந்து மில்லிமீற்றர் வெளியே பார்த்தது, வலப்பக்கம் இரண்டு. எண்ணியே ஏற்றியிருந்தும், பழைய முனை தேய்ந்ததும் புதிய முனை முழுதாக இருப்பதும் ஒன்றல்லவே.

"எவ்வளவு திருத்தணும்?" என்று காக்கா கேட்டார். என்னிடம்தான் கேட்டார். பையன் முந்திக்கொண்டான்: "ஏழு வெளிய நிக்குது, ரெண்டு உள்ள வரணும். ஒம்பது. அரைவாசி அங்கால, அரைவாசி இங்கால."

மறை ஏழிலிருந்து நேர் இரண்டுக்கு எவ்வளவு தூரம் என்ற கேள்வியை இரண்டு வருடம் அவனுக்குக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஐந்து என்றே எழுதினான். திசைகொண்ட எண்கள் என்று புத்தகம் சொல்கிறது. தங்கூசியின் அருகே குந்தியிருந்தபோது அவனுக்குத் திசை தெரிந்தது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். இந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது எது என்று கேட்க நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பின் பாடவேளை இடம் கொடுப்பதில்லை.

அன்று அவனுக்கு இந்தக் காரை வடிவமைத்தவரின் கதையைச் சொன்னேன். அலெக் இசிகோனிஸ். 1906இல் துருக்கியின் சிமிர்னாவில் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் எரிந்தபோது குடும்பத்தோடு கப்பலேறி மால்ற்றாவுக்கு அகதியாகப் போனார். தகப்பன் அங்கேயே இறந்தார். தாயும் மகனும் இங்கிலாந்துக்குப் போனார்கள். பொறியியல் படிக்கப்போய்க் கணிதத்தில் மூன்று தடவை தவறினார். மைனரின் மாதிரிக் கார் ஒல்லியாக இருக்கிறதென்று கண்ணுக்குப் பட்டதும், அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகட்டினார். கம்பனி முதலாளிக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை. ஓடில்லாமல் அவித்த முட்டை போலிருக்கிறது என்று சொன்னாராம். 1948இல் வெளிவந்த அந்த முட்டைதான் 1960இன் இறுதியில், பத்து இலட்சம் செய்யப்பட்ட முதல் பிரித்தானியக் காரானது.

பையன் கதையைக் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டான். "மூண்டாம் தரமும் பெயில் விட்டவரை அங்க எப்படி சேர் சேர்த்தாங்க?" அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. பட்டத்துக்கல்ல, டிப்ளோமாவுக்குப் படித்தார். அவர் வரைந்ததைப் பார்த்து வேலை கொடுத்தார்கள் என்றேன். இங்கே யார் பார்ப்பார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

காக்கா பார்த்தார். தன்னுடைய கராஜில் ஒரு பையனுக்கு இடமுண்டு, ஆனால் இரண்டு வருடத்தில் தொழிற்றகைமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் வலைக்கே போகலாம் என்று நிபந்தனை போட்டார். தகப்பன் சம்மதிக்க ஒரு மாதம் எடுத்தது. ஏறாவூருக்கா என்று கேட்டாராம். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்த ஆகஸ்டில் அவரும் ஒரு தமையனை இழந்தவர். பிறகு ஒருநாள் மீன்பையோடு தானே சைக்கிளில் கராஜுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று இருவரும் எனக்குச் சொல்லவில்லை. மறுவாரம் பையன் வேலைக்குப் போனான்.

கார் இப்போது சொன்ன பக்கம் போகிறது. முதல் சில நாட்கள் எனக்கு அது சிரமமாக இருந்தது. கை பழைய கணக்கிலேயே கூடுதலாகத் திருப்ப, கார் உடனே கீழ்ப்படிந்து ஓரத்துக்குப் போனது. ஆட்டத்துக்குப் பழகிய கைக்கு நேர்மையைப் பழக்க இரண்டு வாரம் வேண்டியிருந்தது. ஆயிரம் மைல் என்ற கணக்கை நான் இப்போது வைத்துக்கொள்வதில்லை. மாரியில் மாதம் ஒருதடவை, கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருதடவை, வெள்ளத்தில் ஓடினால் மறுநாளே, கிறீஸ் அடிக்கப்படுகிறது. அதை அடிப்பவன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறாவூரிலிருந்து வீட்டுக்கு வரும் பையன். அடித்து முடித்ததும், நான் கேட்காமலே, இரண்டு சில்லையும் பிடித்து ஒன்பது மூன்றிலும் பன்னிரண்டு ஆறிலும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையைத் துடைக்கிறான்.